பொன் மண்டபத்தில் ஒரு மாலை

உலகத்துப் பெருநகரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புலனுக்கு விருந்தாக அமைந்தவை. சில நகரங்கள் கண்ணுக்கென்றே கட்டப்பட்டவை. சில, நாவின் சுவைக்குப் பேர்போனவை. ஒஸ்திரியா நாட்டின் தலைநகராகிய வியன்னாவோ செவிக்கென்று வாய்த்த நகரம். மொசார்ட், பீத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ், மாலர் என மேலைத்தேய சங்கீத வரலாற்றிலே தலைசிறந்தோர் பலர் அங்கே பிறந்தோ, வந்து குடியேறியோ வாழ்ந்திருக்கின்றனர். அந்நகரத்தின் வீதிகளில் நடப்பவன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையேனும் ஓர் இசைவாணரின் சிலையையோ, அவர் குடியிருந்த வீட்டைக் குறிக்கும் பலகையையோ காணாமற் செல்லுதல் அரிது.

சித்திரை விடுமுறையொன்றில் ஐரோப்பாவிற் சில ஊர்களைச் சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வியன்னாவில் நான் தங்கிய நாட்கள் நான்கு. அரண்மனைகளையும் ஓவியக் கூடங்களையும் பகலிற் கண்டேன். எனினும், நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விழைவது ஒரு மாலைப் பொழுதைப் பற்றியே. நாதஸ்வரத்தையும் வாய்ப்பாட்டையும் கேட்டு வளர்ந்த செவியொன்று, எண்பது கலைஞர்கள் கூடி எழுப்பும் பேரிசையை அதற்கெனவே எழுந்த மண்டபத்திற் கேட்டபோது எய்திய அனுபவம் அது; அவ்விசையோடு பின்னிக்கிடக்கும் மனிதர் சிலரின் கதையும் அதுவே.

சார்ள்ஸ் சதுக்கம்

நகரின் நடுவே கார்ல்ஸ்பிளாட்ஸ் என்னும் சதுக்கம் உள்ளது. நிலத்தின் கீழ் ஓடும் ரயில்கள் பல அங்கே ஒன்றையொன்று சந்திக்கின்றன. படியேறி வெளியே வந்தால், பச்சைநிறக் குவிமாடத்தோடும் இரண்டு பெருந்தூண்களோடும் கூடிய கார்ல்ஸ் தேவாலயம் ஒருபுறம் தோன்றும். அதன் முன்னே விரிந்திருக்கும் பூங்காவில், தாடி அடர்ந்த முதியவர் ஒருவர் கல்லிருக்கையிற் சாய்ந்து சிந்தனையில் ஆழ்ந்திருப்பதுபோல ஒரு சிலை உண்டு. அவரின் காலடியிலே கலைமகளை ஒத்த பெண்ணுருவம் ஒன்று யாழொன்றைத் தாங்கிச் சாய்ந்து கிடக்கின்றது. அம்முதியவரே யொஹன்னஸ் பிராம்ஸ். ருடொல்ஃப் வெயர் என்னும் சிற்பி வடித்த அச்சிலை 1908 ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது.

பிராம்ஸ் ஜெர்மனியின் வடகோடியிலுள்ள ஹம்பர்க் துறைமுகப் பட்டினத்திலே 1833 ஆம் ஆண்டு பிறந்தவர். 1862 இல் வியன்னாவுக்கு வந்தார். தேவாலயத்தின் அருகிலுள்ள கார்ல்ஸ் ஒழுங்கையில் நான்காம் இலக்க வீட்டிலே ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு குடியிருந்து, அவ்வீட்டிலேயே உயிர்நீத்தார். இன்று அவ்வீடு இல்லை. ஆனால் அங்கிருந்து அவர் நாடோறும் நடந்து சென்ற வழி இருக்கின்றது. பூங்காவைக் கடந்து அகன்ற வீதியின் மறுபுறம் சேர்ந்தால், செம்மண் நிறமும் வெண்மையும் கலந்த கட்டடம் ஒன்று எதிர்ப்படும். 'முசீக்வெரைன்' என்பது அதன் பெயர். இசைச் சங்கம் என்று நாம் சொல்லலாம்.

குடிமக்கள் கட்டிய சபை

இக்கட்டடத்தை எழுப்பியவர் மன்னர் அல்லர் என்பது கருதத்தக்கது. அக்காலம்வரை ஐரோப்பாவிற் பெரும்பாலும் அரண்மனையும் தேவாலயமுமே இசைக்குப் புகலிடமாயிருந்தன. இசைவாணன் பிரபுவின் ஏவலாளருள் ஒருவனாகவே வாழ்ந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1812 ஆம் ஆண்டு வியன்னாவின் இசையன்பர்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 1857 இல் பிரான்ஸ் யோசப் சக்கரவர்த்தி நகரின் பழைய மதில்களை இடித்து அவ்விடத்திலே வட்டவீதி சமைக்க ஆணையிட்டபோது வெற்றுநிலம் பெருகியது. அதில் ஒரு பகுதி சங்கத்துக்குக் கிடைத்தது. தியோஃபில் ஹன்சன் என்னும் தென்மார்க்கு நாட்டுச் சிற்பாசாரி, ஏதென்ஸ் நகரிற் சில ஆண்டு தங்கிக் கிரேக்கக் கட்டடக்கலையைப் பயின்றவர், இதற்குப் படம் வரைந்தார். 1870 ஜனவரி 6 ஆம் திகதி மண்டபம் திறக்கப்பட்டது.

பெருமண்டபத்தைப் 'பொன் மண்டபம்' என்றே யாவரும் அழைப்பர். ஏறக்குறைய 49 மீற்றர் நீளமும், 19 மீற்றர் அகலமும், 18 மீற்றர் உயரமும் உடையது. காலணிப் பெட்டியின் வடிவம் என்று கட்டடவியலார் கூறுவர். பக்கச் சுவர்களை ஒட்டிப் பொன்பூசிய பெண்ணுருவங்கள் தூண்களாக அணிவகுத்து நிற்கின்றன. விதானத்திலே அப்போலோ என்னும் கிரேக்கத் தெய்வமும் கலைத்தேவியர் ஒன்பதின்மரும் ஓவியமாக விளங்குகின்றனர்.

இவை அழகுக்காக மட்டும் அமைந்தன அல்ல என்பதே வியப்பு. பதுமைகளும் மாடங்களும் புடைப்பு வேலைப்பாடுகளும் ஒலியை ஒரே திசையில் திருப்பாமற் சிதறச் செய்து எங்கும் பரப்புகின்றன. மரத்தளத்தின் கீழே வெற்றிடம் உண்டு. விதானம் சுவரில் அழுந்தாமற் கூரைச் சட்டங்களிலிருந்து தொங்குகின்றது. வீணையின் குடம் தந்தியோடு சேர்ந்து அதிர்வதுபோல இம்மண்டபமும் இசையோடு சேர்ந்து அதிர்கின்றது. மண்டபம் நிறைந்திருக்கும்போது எழுந்த ஒலி முற்றாய் அடங்க ஏறக்குறைய இரண்டு விநாடி செல்லும். அந்த இரண்டு விநாடியிலே ஒரு சுரம் அடுத்த சுரத்தைத் தழுவுகின்றது. எனினும் ஒன்றையொன்று மூடிவிடுவதில்லை. ஹன்சன் இதைக் கட்டியபோது அறைகளின் ஒலியியல் ஒரு விஞ்ஞானமாகவே உருவாகவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் சபின் அதற்கு அடிகோலியது மேலும் கால் நூற்றாண்டு கழித்தேயாகும்.

மாலை வேளை

வியன்னா ஃபில்ஹார்மொனிக் என்னும் புகழ்வாய்ந்த இசைக்குழுவை அறியாதார் அருமை. 1842 இல் தோன்றிய அக்குழுவின் கலைஞர்கள் நகரத்து நாடக இசையரங்கிலும் பணிபுரிபவர்கள். இரவு வேளை அவர்களுக்கு அங்கே கடமை. ஆதலால் இங்கே அவர்களின் வழமையான கச்சேரிகள் சனி பிற்பகலிலும் ஞாயிறு முற்பகலிலும் நிகழும். மாலைப்பொழுதுகளிற் பெரும்பாலும் பிற குழுக்கள் மேடையேறும். நான் கேட்டது, 1900 ஆம் ஆண்டு தோன்றிய வியன்னா சிம்பொனிக் குழுவின் கச்சேரி.

மாலை ஏழரை மணிக்குத் தொடக்கம். வெளியே வெயில் முற்றாக மறையவில்லை. எனினும் குளிர் நம்மவர்க்குத் தாங்கரியது. மேலங்கிகளை வாயிலில் ஒப்படைத்துவிட்டே உட்செல்லல் வேண்டும். மண்டபத்திலே 1,744 இருக்கைகள் உண்டு. அவற்றுக்குப் பின்னே, கைப்பிடிக் கிராதி ஒன்றால் அடைத்த சிறு பரப்பில் முந்நூறு பேர் வரை நின்று கேட்கலாம். நிற்போருக்குச் சீட்டு விலை மிக மலிவு. நான் அவர்களுள் ஒருவனானேன். என் இடப்புறத்தில் இசைக்கல்லூரி மாணவி ஒருத்தி, மடியில் வைக்க இடமின்றிச் சுரக்குறிப்பு நூலைக் கிராதியின் மேல் விரித்து வைத்திருந்தாள். வலப்புறத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவர். இருக்கையில் அமர வாய்ப்பிருந்தும் இளமை முதல் இங்கேயே நின்று பழகிவிட்டதாக அவர் ஆங்கிலத்திற் சொன்னார். ஒலி மிக நன்றாகச் சேர்வது நிற்பவர்களிடமே என்பது அவரின் துணிபு.

எண்பது கலைஞர்கள் வந்து அமர்ந்தனர். ஆடவரும் மகளிரும் ஏறக்குறைய ஒத்த எண்ணிக்கையில் இருந்தனர். மேற்கூறிய ஃபில்ஹார்மொனிக் குழு 1997 ஆம் ஆண்டுவரை பெண்களை முழு உறுப்பினராக ஏற்கவில்லை என்பதை எண்ணும்போது, எளிதாய்த் தோன்றும் இக்காட்சி எத்தனை பேரின் காத்திருப்புக்குப் பின் வந்தது என்பது புலனாகும்.

முதலில் ஓபோ என்னும் ஊதுகருவி ஒரு சுரத்தை நீளமாக ஒலித்தது. நமது நாதஸ்வரத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க கருவி அது. அதற்கும் சீவாளி உண்டு. அச்சுரத்துக்கு ஏற்பவே மற்றையோர் யாவரும் தத்தம் கருவியைச் சுருதி சேர்த்தனர். பின்பு நடத்துநர் வந்தார். பேரமைதி நிலவியது.

நம் சங்கீதத்தில் ஓர் இராகம் ஒரே இழையாக நீண்டு செல்லும். தம்புரா அதற்குத் துணையாக ஒரே சுருதியில் நிற்கும். மேலைத்தேயப் பேரிசையிலோ பல இழைகள் ஒருங்கே ஓடுகின்றன. வயலின் ஒன்று சொல்லச் செல்லோ வேறொன்று சொல்லும். கொம்பு வாத்தியம் இரண்டுக்கும் இணக்கம் காட்டும். ஒவ்வோர் இழையையும் தனித்துப் பற்ற முயன்றால் மயக்கமே மிஞ்சும். ஊர் கூடித் தேர் இழுக்கையில் ஒருவனின் கையையா பார்த்துக்கொண்டிருக்கிறோம்? தேர் அசைவதையன்றோ பார்க்கிறோம்! அங்ஙனம் மொத்தமாகக் கேட்கத் தொடங்கியபின் எனக்கு வழி திறந்தது.

முதல் உருப்படி பிராம்ஸ் இயற்றிய 'துன்பியல் முன்னிசை'. 1880 டிசம்பரில் இதே மண்டபத்திலேதான் அது முதன்முதல் ஒலித்தது. சம்மட்டியால் இருமுறை ஓங்கி அடித்தாற்போலத் தொடங்கி, பன்னிரண்டு பதின்மூன்று நிமிடம் ஓயாத உள்மனப் போராட்டமாகச் செல்வது. வியன்னாவிற் பேரிகைகளுக்கு இன்றும் ஆட்டுத்தோல் போர்த்தும் வழக்கம் உண்டு. நம் ஊர்த் தவிலையும் மிருதங்கத்தையும் கேட்டவனுக்கு அந்தத் தோலோசை அந்நியமாக இல்லை.

அடுத்தது உருசிய மேதை சைக்கோவ்ஸ்கியின் வயலின் கொன்செர்ற்றோ. இளம்பெண் ஒருத்தி தனி வயலின் வாசித்தாள். இதுவும் இம்மண்டபத்தோடு நெருங்கிய தொடர்புடையது. 1878 இல் இயற்றப்பெற்ற இவ்வுருப்படியை முதலில் ஏற்கவேண்டிய புகழ்பெற்ற வித்துவான் ஏற்காது விட்டார். 1881 டிசம்பர் 4 ஆம் திகதி அடொல்ஃப் புறொட்ஸ்கி என்பவர் இங்கே அரங்கேற்றினார். நகரின் தலையாய விமர்சகரான எட்வர்ட் ஹன்ஸ்லிக், வயலினை வாசிக்கவில்லை, வதைத்தனர் என்னும் பொருள்பட மிகக் கடுமையாகச் சாடினார். அச்சாடலைச் சைக்கோவ்ஸ்கி வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை என்பர். அன்று வெறுக்கப்பட்ட அதே இசைக்கு இன்று அதே மண்டபத்தில் மக்கள் எழுந்து நின்று கைதட்டினர். இரண்டாம் அங்கத்திலே வயலின் தன் குரலை அடக்கிக்கொண்டு தாலாட்டுப் போலப் பாடியபோது, என் அருகே நின்ற பெரியவர் கண்களை மூடிக்கொண்டார்.

நான்காம் சிம்பொனி

இடைவேளைக்குப் பின் பிராம்ஸின் நான்காம் சிம்பொனி. 'ரொமான்டிக்' காலம் என வழங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு, மனிதனின் உணர்ச்சிகளுக்கு இசையிலே தங்குதடையற்ற இடம் கொடுத்த காலம். பிராம்ஸ் அக்காலத்தவராயினும் உணர்ச்சியை அணைகட்டித் தேக்கி வைத்துப் பாயவிட்டவர். அவருடைய பொறுமை வியக்கத்தக்கது. பீத்தோவன் இயற்றிய ஒன்பது சிம்பொனிகளின் நிழலிலே நின்று புதிதாய் ஒன்று ஆக்க அஞ்சி, தம் முதற் சிம்பொனியை 43 ஆம் வயதிலே, 1876 ஆம் ஆண்டிலேதான் அரங்கேற்றினார். நான்காவது 1885 இல் மைனிங்கன் என்னும் சிற்றூரில் அவரின் கையாலேயே அரங்கேறியது.

அதற்குச் சற்று முன், வியன்னாவில் நண்பர் சிலருக்கு இதனை இரண்டு பியானோக்களில் வாசித்துக் காட்டினார். முதல் அங்கம் முடிந்ததும் யாரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் நெருங்கிய நண்பர் ஒருவர், மூன்றாம் அங்கத்தை நீக்கிவிடுக, நான்காம் அங்கத்தைத் தனியே வெளியிடுக என்று ஆலோசனை கூறினார். பிராம்ஸ் ஒரு சுரத்தையும் மாற்றவில்லை. மறு ஆண்டின் தொடக்கத்தில் வியன்னாவில் இது ஒலித்தபோதும் ஊரார் பெருமகிழ்ச்சி காட்டவில்லை.

சிம்பொனி தொடங்கியது. முன்னுரை எதுவுமின்றி, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த உரையாடலின் நடுவில் நாம் புகுந்தாற்போல, வயலின்கள் இறங்கியும் ஏறியும் பெருமூச்சு விடுகின்றன. இரண்டாம் அங்கத்திலே கொம்பு வாத்தியங்கள் பழங்காலத்துப் பண்ணொன்றை ஒலித்து, மலைச்சாரலில் அந்தி இறங்குவது போன்ற உணர்வை எழுப்புகின்றன. மூன்றாம் அங்கம் திருவிழா ஆரவாரம். முக்கோணம் என்னும் சிறு உலோகக் கருவி கலகலவென்று சிரிக்கின்றது.

மேடையின் பின்வரிசையில் துரொம்போன் என்னும் நீள் ஊதுகுழலோடு மூவர் அமர்ந்திருந்தனர். மூன்று அங்கங்கள் முடிந்தும் அவர்கள் கருவியை வாயில் வைக்கவேயில்லை. ஏறக்குறைய அரைமணி நேரம் மடியில் கருவியைக் கிடத்திப் பிறர் வாசிப்பதைக் கேட்டிருந்தனர். நான்காம் அங்கம் தொடங்கும்போதுதான் எழுந்தது அவர்களின் குரல்! கற்சுவர் திறந்து உள்ளிருந்து ஒரு தீர்ப்பு வெளிவந்தாற்போல இருந்தது அது.

அந்த நான்காம் அங்கத்தின் அமைப்பு நம் இரசிகர்களுக்கு எளிதில் விளங்கும். பாக் என்னும் முன்னோர் தேவாலய இசையொன்றில் வைத்த அடியிலிருந்து பிராம்ஸ் ஒரு சிறு கருவை எடுத்துக்கொண்டார். எட்டே அளவுகள், அளவுக்கு ஒரு சுரமாகப் படியேறித் தொடங்கிய இடத்துக்கே மீள்வது. அவ்வெட்டு அளவையும் முப்பது முறை, ஒவ்வொரு முறையும் வேறு கோலத்தில் விரிக்கின்றார். நம் பாடகர் பல்லவியைச் சங்கதி சங்கதியாக விரிப்பதை இது நினைவூட்டும். ஒரு கோலத்தில் கரு மேலே நின்று முழங்கும். இன்னொன்றில் அடித்தளத்தில் மறைந்து நடக்கும். நடுவே ஓரிடத்தில் யாவும் ஓய்ந்து ஒற்றைப் புல்லாங்குழல் மாத்திரம் தனிமையில் ஏங்குகின்றது. ஈராயிரம் பேர் இருந்த மண்டபத்தில் ஓர் இருமல் எழவில்லை. இறுதியில் வழக்கமான மங்கள முடிவை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். துயரமாகவே தொடங்கிய சிம்பொனி துயரத்திலேயே, ஆனால் நிமிர்ந்த தலையோடு முடிகின்றது. கேட்பவனைத் தேற்றி அனுப்ப இசைவாணர் விரும்பவில்லை.

இரண்டு பிரியாவிடைகள்

கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. அப்போது அருகில் நின்ற பெரியவர் மேடைக்குப் பக்கத்திலுள்ள மாடமொன்றைச் சுட்டிக் காட்டினார். அவர் நினைவூட்டிய நிகழ்ச்சி அவ்வூர் மக்களுக்கு இதிகாசம் போன்றது.

1897 மார்ச் 7 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஹன்ஸ் ரிக்டர் நடத்த, ஃபில்ஹார்மொனிக் குழுவினர் இதே நான்காம் சிம்பொனியை இதே மண்டபத்தில் வாசித்தனர். பிராம்ஸ் நோயுற்று, மேனி மஞ்சளித்து, எலும்பும் தோலுமாக மாடத்தில் அமர்ந்திருந்தார். அக்காலத்தில் அங்கங்களுக்கிடையே கைதட்டுதல் குற்றமாகக் கருதப்படவில்லை. முதல் அங்கம் முடிந்ததும் கரவொலி எழுந்தது. அவர் எழுந்து நின்று வணங்கினார். ஒவ்வோர் அங்கத்தின் பின்னும் அவ்வாறே. இறுதியில் மண்டபம் முழுவதும் எழுந்து அவரை நோக்கி ஆர்ப்பரித்தது. அவர் கன்னங்களில் கண்ணீர் வழிந்தது. பதினோராண்டின் முன் இதே சிம்பொனியைக் குளிர்ச்சியாய் ஏற்ற ஊர், தன் செவி திருந்தியதை அவர் உயிரோடிருக்கையிலேயே அவருக்கு அறிவித்துவிட்டது. ஏப்ரல் 3 ஆம் திகதி பிராம்ஸ் மறைந்தார்.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் எத்தனை இனிமையாயிருக்கும்! இசை மனிதரை உயர்த்துகின்றது என்று எழுதி இக்கட்டுரையை நிறைவு செய்திருப்பேன்.

பிராம்ஸ் கண்ணீர் உகுத்த அந்நாட்களில் ஃபில்ஹார்மொனிக் குழுவின் முதல் வயலின் பீடத்துக்குரியவர் ஆர்னோல்ட் ரோஸே. 1881 ஆம் ஆண்டு, பதினெட்டு வயதை எட்டுமுன்னரே அக்குழுவிற் சேர்ந்தவர். 1890 இல் பிராம்ஸின் தந்திக்கருவி ஐவரிசை ஒன்றை முதன்முதலாக மேடையேற்றியதும் அவரின் குழுவே. மாலரின் சகோதரியை மணந்தவர். ஐம்பத்தேழு ஆண்டுகளாக வியன்னாவின் இசைக்கு அவர் ஒரு தூண். ஆனால் அவர் யூதர். 1938 மார்ச்சில் ஹிட்லரின் படை வியன்னாவுட் புகுந்தது. யூதக் கலைஞர்கள் அனைவரும் குழுவிலிருந்து அகற்றப்பட்டனர். எழுபத்துநான்கு வயதில் ரோஸே வேலையிழந்தார். அவ்வாண்டிலேயே மனைவியையும் இழந்தார். மறு ஆண்டு லண்டனுக்குத் தப்பியோடி, 1946 இல் அந்நிய மண்ணிலே இறந்தார். அவரின் மகள் அல்மாவும் தேர்ந்த வயலின் கலைஞர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலே கைதிப் பெண்களின் வாத்தியக்குழுவை நடத்தும்படி அவள் பணிக்கப்பட்டாள். நன்றாக வாசித்தால் குழுவிலுள்ளோர் உயிர் பிழைப்பர் என்பதை அறிந்து, கண்டிப்பான ஆசிரியையாக நின்று பலரைக் காத்தாள். 1944 ஏப்ரலில் அவள் நோயுற்று அங்கேயே மாண்டாள்.

கச்சேரி தொடங்குமுன் ஓபோ சுரம் கொடுத்ததை மேலே குறிப்பிட்டேன். அக்குழுவில் நெடுங்காலம் ஓபோ வாசித்தவர்களுள் ஒருவர் ஆர்மின் டைரோலர். வறிய இசைக்கலைஞர்களின் நலனுக்காக உழைத்தவர். அவரும் 1944 இல் ஆஷ்விட்ஸிற் கொல்லப்பட்டார். குழுவின் கலைஞர் ஐவர் இவ்வாறு நாடுகடத்தப்பட்டு மாண்டனர். எஞ்சியிருந்தோருள் ஏறக்குறைய பாதிப் பேர் ஹிட்லரின் கட்சியில் உறுப்பினராயிருந்தனர். மண்டபத்திலே கச்சேரிகள் தொடர்ந்தன, கரவொலியும் தொடர்ந்தது. இவ்வரலாற்றை ஆராய்ந்து வெளிப்படையாக உலகுக்கு அறிவிக்க 2013 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

இதை எண்ணும்தோறும் நெஞ்சு கனக்கின்றது. அன்று பக்கத்து இருக்கை வெறுமையானதைக் கண்டும் வில்லை எடுத்து வாசித்தவர்கள் இசையறியாதவர்கள் அல்லர். மண்டபத்தில் அமர்ந்து கேட்டவர்களும் செவிநுட்பம் அற்றவர்கள் அல்லர். ஒரு சுரம் மயிரிழை பிறழ்ந்தாலும் முகஞ்சுளிக்க அறிந்தவர்கள் அயல்வீட்டிலிருந்து ஒரு குடும்பம் இழுத்துச் செல்லப்பட்டபோது எழுந்த ஓலத்தைக் கேளாதிருந்தனர். உயர்ந்த கலை தானாகவே உயர்ந்த நெஞ்சைத் தந்துவிடும் என்று நம்புவோர்க்கு வியன்னா ஒரு பாடம். நம் நாட்டாருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் இசையாற் பயனென்ன? கேட்கவேண்டிய கேள்விதான். அம்மாலையில் நான் கண்டவற்றையே விடையாகச் சொல்வேன். எண்பது பேர் ஒருவர் குரலுக்கு ஒருவர் இடம் விட்டு வாசித்தனர். மூவர் அரைமணி நேரம் வாய்மூடிப் பிறரைக் கேட்டிருந்தனர். ஒற்றைப் புல்லாங்குழலின் மெல்லிய ஏக்கத்துக்காக ஈராயிரம் பேர் மூச்சையும் அடக்கிக்கொண்டனர். இவை யாவும் நல்லொழுக்கத்தின் ஒத்திகைகள். ஒத்திகையை நாடகம் என்று எண்ணி வீடு திரும்புவதே பிழை. இசை நம்மை வாயில்வரை அழைத்துவரும். படியிறங்கி வீதியில் கால்வைக்க வேண்டியவர் நாமே.

மறுநாள், நகரின் புறத்தேயுள்ள மத்திய இடுகாட்டுக்குச் சென்றேன். பீத்தோவனும் ஷூபர்ட்டும் துயிலும் இடத்துக்கு அருகே பிராம்ஸின் கல்லறை இருக்கின்றது. கையிலே தாளை விரித்து, தலையைத் தாங்கிச் சிந்திக்கும் கோலத்தில் அவரின் உருவம் அங்கே செதுக்கப்பட்டுள்ளது. யாரோ வைத்துச் சென்ற மலர்க்கொத்து வாடியிருந்தது. தம் நான்காம் சிம்பொனியை ஏன் இனிமையாய் முடிக்காது விட்டார் என்பதற்கு ஆசிரியர்கள் பல காரணம் கூறுவர். எனக்குத் தோன்றியது இது: பொய்யான ஆறுதலைச் சொல்லி மக்களை உறங்கவைக்க அவர் விரும்பவில்லை.

வள்ளுவர் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்து, அதற்கு அடுத்ததாக அறிவுடைமையை வைத்தார். மாணவர்க்கு இவ்வரிசையைப் பல்லாண்டு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். முதலதைக் கற்றுத்தரப் பள்ளிகளும் மண்டபங்களும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியை மாத்திரம் ஒவ்வொருவரும் தாமே நடந்து தீர்க்கவேண்டும். அயலான் துயரை உணராத அறிவை அப்பெரியார் அறிவென்றே மதித்தாரல்லர். வியன்னாவுக்குச் செல்லும் நேயர்கள் பொன் மண்டபத்திலே ஒரு மாலையேனும் நின்று கேளுங்கள். செல்ல வாய்ப்பில்லாதோர் வானொலியிலோ இசைத்தட்டிலோ கேளுங்கள். கேட்டபின், யன்னலையும் சற்றுத் திறந்து வையுங்கள்.